இரண்டு நாற்பத்தேழு

எங்கள் முன்னறைச் சுவரில் என் காது உயரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. அண்ணா எறிந்த இணைய ரவுட்டர் பட்ட இடம். என் தலையைப் பார்த்துத்தான் எறிந்தார். நான் குனிந்ததால் சுவர் வாங்கியது. சீமெந்து உதிர்ந்தது, ரவுட்டரின் ஒரு மூலை பிளந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி மின்சாரத்தில் சொருகியபோது அதன் பச்சை விளக்குகள் வரிசையாக எரிந்தன. எங்கள் வீட்டில் அந்த மாதம் அடி வாங்கிய பிறகும் ஒழுங்காக நடந்துகொண்டது அது ஒன்றுதான்.

ஸ்கந்தபுரத்தில் முன்னறையும் இரண்டு அறையும், சமைக்க ஒரு குசினியும் உள்ள வீடு. அம்மா, அண்ணா, நான். அப்பா யுத்தத்தோடு போய்விட்டார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, பெருவிரல் வைப்பார். அண்ணா ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டுக் கூலி வேலைக்குப் போனவர். நான் கெம்பஸுக்குப் போய்க் கணினி படித்துப் பட்டத்தோடு வந்தேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் அப்படி வந்த முதல் ஆள் நான். அந்த நடையோடுதான் வீட்டுக்குள்ளும் நடந்தேன்.

கொழும்பில் ஒரு நிறுவனம், வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கு ஆள் எடுத்தது. மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை தேடும் வேலை. ஊரை விட்டுப் போகாமல் என் படிப்புக்கேற்ற வேலை செய்ய எனக்கு இருந்த ஒரே வழி அது. அதற்கு மூன்று மணி நேரச் சோதனை. கமராவைப் போட்டபடி இணையத்தில் எழுத வேண்டும். தொடர்பு இரண்டு தடவைக்கு மேல் அறுந்தால் சோதனை தானாக மூடிக்கொள்ளும்.

என் கணினி பழையது. கம்பி வழியாக ரவுட்டரில் இணைத்திருந்தேன். அடுத்த அறையில் அண்ணாவின் கேம் பெட்டி கம்பியில்லாமல் அதே ரவுட்டரில் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணா கத்தாரில் அலுமினியம் வெட்டும் பட்டறையில் ஆறு வருடம் இருந்தவர். அங்கே அறுக்கும் வாள் ஒன்று அவருடைய வலது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. திருப்பி அனுப்பியபோது, ஒரே அறையில் கிடந்த ஏழு பேரும் தாங்கள் விளையாடிய இரண்டு கேம் பெட்டிகளில் ஒன்றை ஒரு பெட்ஷீட்டில் சுற்றி அவருடைய பயணப் பெட்டிக்குள் வைத்து விட்டிருந்தார்கள். இரவு வேலை முடித்து அவர்கள் அறைக்குத் திரும்பும்போது எங்களுக்குப் பகல் பத்து மணி. அந்த நேரத்துக்கு அண்ணா வயலிலிருந்து வந்து, மூன்று விரலால் ரிமோட்டைப் பிடித்து, அவர்களோடு பந்து விளையாடுவார். தமிழிலும் மலையாளத்திலும் ஹிந்தியிலும் திட்டுவார். வேறு யாரோடும் அவர் அவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை.

சோதனைக்கு ஆயத்தமாக நான் ஒரு வேலை பார்த்தேன். ரவுட்டரில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு. அதை முகவரி என்பார்கள். நீளமான எண்தான், ஆனால் ஒரு வீட்டுக்குள் கடைசித் துண்டு மட்டுமே கருவிக்குக் கருவி மாறும். ரவுட்டர் தருவதை வாங்கிக்கொள்ளலாம், அல்லது நாமே ஒன்றைத் தெரிவுசெய்து நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம். நான் என் கணினிக்கு நிரந்தரமாக வைத்தேன். கடைசி எண் நாற்பத்தேழு. விரல்கள் தாமாகவே அதைத் தட்டின, ஏன் என்று யோசிக்கவில்லை. பிறகு ரவுட்டருக்குள் போய் ஒரு விதி எழுதினேன்: நாற்பத்தேழு கேட்பதை முதலில் கொடு, மிஞ்சியதை மற்றவர்களுக்குக் கொடு. அண்ணாவுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து தொடர்பு அறுந்து அறுந்து வந்தது. எனக்கும் அறுந்தது, அவருக்கும் அறுந்தது.

சோதனை நாளில் பத்து மணிக்குத் தொடங்கினேன். பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு தடவை போய் வந்தது. இருபதில் மறுபடி. அடுத்த அறையில் அண்ணா தூஷணத்தில் கத்துவது கேட்டது. அரை மணிக்குள் மூன்றாவது தடவை. திரை வெள்ளையாகி, சோதனை மூடப்பட்டது என்று எழுதி வந்தது. நான் எழும்பிப் போய் அந்தப் பெட்டியின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன்.

"எடியேய்! என்ன செய்யிறாய்?"

"என்ர சோதினை போட்டுது, அண்ணா! உங்கட விளையாட்டால போட்டுது!"

"என்ர விளையாட்டாலயோ? கிழமைக் கணக்கா நீதான் என்ர லைனை வெட்டுறாய். எனக்கு விளங்காதெண்டு நினைச்சியோ?"

"நான் ஏன் வெட்டப் போறன்?"

"அந்த ரவுட்டருக்குள்ள பூந்து நோண்டுறது ஆர்? அம்மாவோ?"

விதி எழுதியது நினைவில் குத்தியது. குற்றம் குத்தும்போது எனக்கு நாக்கு நீளும். "ஒன்பதாம் வகுப்புப் படிச்ச உனக்கு ரவுட்டரைப் பற்றி என்ன தெரியும்?" என்றேன்.

என் வாழ்நாளில் அண்ணாவை நான் 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. கன்னத்தில் அடி விழுந்தது. காதுக்குள் கூவியது. மறு அடிக்கு வந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தேன். விரல் இல்லாத பக்கம்தான் வாய்க்குள் அகப்பட்டது. தழும்புத் தோல் மெல்லியது, உடனே இரத்தம் வந்தது. அது தெரிந்தும் நான் பல்லை எடுக்கவில்லை.

அம்மா குசினியிலிருந்து, கூட்டுகிற தும்புத்தடியோடு வந்தார்.

"மூத்தவனை நீ எண்டு கதைக்கத்தானோடி உன்னைக் கெம்பஸுக்கு விட்டது?" என் முதுகில் ஒன்று. "நீ என்னடா, பொம்பிளைப் பிள்ளையில கை வைக்கிறியோ? எருமை!" அவருடைய தோளில் ஒன்று. அப்படியே மாறி மாறி. எழுத்துத் தெரியாவிட்டாலும் அம்மாவுக்கு எண்ணத் தெரியும். இரண்டு பேருக்கும் நாலு நாலு.

நிறுவனத்துக்கு மின்தடை என்று பொய் எழுதினேன். இன்னும் ஒரு தடவை தருகிறோம், அடுத்த வியாழன் பத்து மணி, அதற்கு மேல் இல்லை என்று பதில் வந்தது.

வியாழன் வரையான அந்த ஒரு கிழமை நாங்கள் இரண்டு விலங்குகள் போல இருந்தோம். நான் ரவுட்டரின் கடவுச்சொல்லை மாற்றினேன். நான் உட்கார்ந்து எழுதும் கதிரையை அவர் முற்றத்தில் போட்டு, அதன் கால் முறியும் வரை உதைத்தார். முறிந்த காலை எடுத்துக்கொண்டு போய் அவருடைய அறைக் கதவில் அடித்தேன். பலகையில் இப்போதும் வெடிப்பு இருக்கிறது. அம்மா இல்லாத நேரங்களைத் தெரிந்தெடுத்து அடிபட்டோம். கடைசியில் அம்மா தும்புத்தடியைக் காட்டி என்னைப் பழைய கடவுச்சொல்லை மறுபடி போட வைத்தார்.

திங்கட்கிழமை அண்ணா என் அறை வாசலில் வந்து நின்றார். குரல் வழமையாகத்தான் இருந்தது.

"பிள்ளை, அதில ஏதோ இங்கிலீசில எழுதி வருது. ஒவ்வொரு முறையும் அதுதான் வருது. ஒருக்கா வந்து வாசி."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆறு வருசம் கத்தாரில இருந்த ஆளுக்கு ரெண்டு வரி வாசிக்கத் தெரியாதோ? அதுக்கும் நான்தான் வரோணுமோ?"

அவர் திரும்பித் தன் அறைக்குப் போனார். திரையில் எழுத்து வரும்போதெல்லாம் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். வட்டப் பொத்தானை அமத்துவார். அமத்தினால் எழுத்து போய்விடும். பத்து நிமிடத்தில் மறுபடி தொடர்பு அறுந்தது. அண்ணா முன்னறைக்கு வந்தார், யன்னல் விளிம்பிலிருந்து ரவுட்டரைக் கம்பியோடு பிடுங்கினார், என்ன சத்தம் என்று நான் எட்டிப் பார்த்த நேரத்தில் எறிந்தார். அந்தப் பள்ளம் அப்படி வந்தது. அது என் தலையில் பட்டிருந்தால் என்று அவர் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

அம்மா தீர்ப்புச் சொன்னார்: வியாழக்கிழமை பத்திலிருந்து ஒரு மணி வரை பெட்டி ஓடக் கூடாது. "தொடமாட்டன்," என்றார் அண்ணா. சொன்னால் செய்கிறவர்தான், ஆனால் நான் நம்பவில்லை. பெட்டி ஓடாவிட்டால் தொடர்பு நிற்கிறதா என்று புதன்கிழமையே சரிபார்க்க நினைத்தேன். அன்று வயலில் வேலை கூடியதால் அவர் வழமையான நேரத்துக்குத் திரும்பவில்லை, அம்மா கடைக்குப் போயிருந்தார். பத்து மணிக்குக் கணினியில் ஒரு பயிற்சிச் சோதனையைத் தொடங்கினேன். பதினோராவது நிமிடத்தில் தொடர்பு அறுந்தது.

வீட்டில் ஒருவரும் இல்லை. யாரும் விளையாடவில்லை. அப்படியும் அறுந்தது.

இனிப் பிழை எங்கே என்று தேடுவதுதான் நான் படித்த படிப்பு. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்க வேண்டும். ரவுட்டரின் பதிவுகளை வாசிக்க வேண்டும். ஒன்றையும் நான் செய்யவில்லை. அவர் வேண்டுமென்றே ஏதோ செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது. குசினிக்குப் போய் அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவருடைய அறைக்குள் போனேன்.

பெட்டியில் சின்னதாக ஒரு செம்மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது முழுதாக அணையவில்லை, உறக்கத்தில் இருந்தது. உறங்கும்போதும் அது ரவுட்டரோடு பேசிக்கொண்டே இருக்கும். அதை நான் அறிந்திருந்தேன், ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அது பிழையின் தடயமாகத் தெரியவில்லை. உறங்கும்போது அடித்துக் கொல்வதில் என்ன இருக்கிறது என்று மட்டும் தோன்றியது. விழித்திருக்கும்போதே உடைக்க வேண்டும். ரீவியைப் போட்டு, பெட்டியின் பொத்தானையும் அமத்திவிட்டு, குழவியைத் தலைக்கு மேல் தூக்கினேன்.

திரை வெளிச்சமாகியது. நடுவில் ஒரு சாம்பல் கட்டம், அதற்குள் ஆங்கிலத்தில் இரண்டு வரி. அண்ணா வாசிக்கச் சொன்ன இரண்டு வரி. இந்தக் கருவியின் முகவரியை இதே வலையமைப்பில் இன்னொரு கருவியும் பயன்படுத்துகிறது.

குழவியை மார்போடு இறக்கி ஒரு கையால் அணைத்துக்கொண்டு, மறு கையால் ரிமோட்டை எடுத்து அமைப்புகளுக்குள் போனேன். முகவரி ரவுட்டர் கொடுத்தது அல்ல. கையால் போட்டது. கடைசித் துண்டு நாற்பத்தேழு.

நாற்பத்தேழு எங்கள் கூடாரத்தின் எண். யுத்தம் முடிந்த பிறகு வவுனியாப் பக்கத்தில் எங்களை அடைத்து வைத்திருந்த முகாமில், கண்ணுக்கெட்டும் வரை ஒரே வெள்ளை நிறத்தில் கூடாரங்கள். நான் சின்னப் பிள்ளை. மலசலகூட வரிசையிலிருந்து திரும்பும்போது வழி தவறி அரை நாள் அலைந்தேன். அண்ணாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. அம்மா காயத்தோடு கிடந்தார். அண்ணாதான் என்னைக் கண்டுபிடித்து, கூடார வாசலில் கறுப்பு மையில் எழுதியிருந்த எண்ணுக்கு முன்னால் நிறுத்தி, "எத்தினை?" என்று கேட்டார். "நாப்பத்தேழு" என்றேன். கன்னத்தில் ஒரு அடி. "எத்தினை?" "நாப்பத்தேழு." இன்னொரு அடி. சரியாகச் சொன்னாலும் அடித்தார். அடித்தால்தான் மறக்காது என்று அந்த வயதில் அவர் நினைத்தார். தானும் அழுதுகொண்டுதான் அடித்தார். அது உண்மை. எனக்கு வலித்ததும் உண்மை.

இதை நினைத்துக்கொண்டு நின்றபோது அண்ணா வயலிலிருந்து வந்துவிட்டார். அவர் கண்டது எரிந்துகொண்டிருந்த திரையையும் குழவியோடு நின்ற என்னையும்தான். தோளிலிருந்த மண்வெட்டி முற்றத்தில் விழும் சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் தலைமயிர் அவருடைய கையில் இருந்தது. குழவி நழுவி விழுந்து சீமெந்து நிலம் பிளந்தது. என் வாய் ரீவி மேசையின் விளிம்பில் மோதியது. உதடு கிழிந்து உப்புச் சுவை வந்தது. சுவரோடு சாத்தி, முழங்கையை என் தொண்டையில் வைத்து அழுத்தினார்.

"உடைக்க வந்தனியோ? சொல்லடி! எனக்கு இருக்கிறது அது ஒண்டுதானே!"

மூச்சு வரவில்லை. வந்த ஒரு துளியில் கத்தினேன். "நாப்பத்தேழு!"

முழங்கை இளகியது.

"என்ன?"

"உங்கட பெட்டியில நாப்பத்தேழு. என்ர கொம்பியூட்டரிலயும் நாப்பத்தேழு. ரெண்டும் ஒரே நம்பர். அதாலதான் அறுபடுது. நானும் வெட்டேல்லை, நீங்களும் வெட்டேல்லை."

அவர் கையை எடுத்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எனக்கு மட்டக்களப்பான் சொல்லித் தந்தவன்," என்றார். கத்தாரில் ஒரே அறையில் அவரோடு இருந்தவர்களில் ஒருவன். "குரல் நல்லாக் கேக்கோணுமெண்டா நம்பரைக் கையால போடு, கடைசியில மறக்காத ஒண்டாப் போடு மச்சான் எண்டான். நான் அதைப் போட்டனான்." பிறகு, "நீ ஏன் போட்டனி?"

"அடிச்சுப் பாடமாக்கினது ஆர்?"

அண்ணா நிலத்தில் குந்தினார். கடித்த காயம் இன்னும் ஆறாத கையால் முகத்தைத் துடைத்தார். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. உதட்டிலிருந்து சட்டையில் சொட்டியது. அந்த எண் இரண்டு பேரின் நினைவிலும் இருந்தது என்பதால் விழுந்த அடிகள் அடிகள் இல்லை என்றாகிவிடாது. அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

"திங்கக்கிழமை வாசிக்கச் சொன்னனான்," என்றார் மெல்ல.

இரண்டு வரி. நான் படித்த படிப்பு அந்த வீட்டுக்குத் தேவைப்பட்டபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. திரையில் அந்தக் கட்டத்தை மறுபடி வரவைத்து, தமிழில் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பிறகு ரவுட்டரில் எழுதிய விதியையும் சொன்னேன். நாற்பத்தேழுக்கு முதலில், மற்றவர்களுக்கு மிச்சம்.

"அப்ப உண்மையா வெட்டித்தான் இருக்கிறாய்."

"வெட்டேல்லை. குறைச்சனான்."

"கண்டறியாத படிப்பு," என்று உச்சந்தலையில் ஒரு குட்டு வைத்தார். நோகத்தான் செய்தது.

"ஆராவது ஒராள் மாத்தோணும்," என்றேன்.

"நீ மாத்து. அது என்ர நம்பர். நான்தான் உனக்குத் தந்தது."

"சரி. நான் நாப்பத்தெட்டு போடுறன்."

"அது வேண்டாம்! நாப்பத்தெட்டில இருந்ததுகள் எங்கட வாளியைக் களவெடுத்ததுகள்."

உதடு கிழிந்திருந்ததால் சிரிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அம்மா கடைப்பையோடு உள்ளே வந்தார். பிளந்த நிலத்தைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், நேரே தும்புத்தடியை எடுத்தார். அண்ணா அவசரமாக எல்லாவற்றையும் சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டார்.

"நாப்பத்தேழு முகாமில எங்கட ரென்ற் நம்பரெல்லோ?"

"ஓம் அம்மா."

"அதுக்கு ஏன் என்ர நிலத்தை உடைச்சனீங்கள்?" நிலத்துக்காக ஆளுக்கு ஒன்று போட்டுவிட்டுத்தான் குசினிக்குப் போனார்.

நான் நாற்பத்தெட்டைத்தான் போட்டேன். விதியை அழித்தேன். பிறகு அண்ணாவிடம், "நாளைக்குப் பத்து மணிக்கு விளையாடுங்கோ," என்றேன்.

"விசரோ உனக்கு? சோதினை முடியட்டும்."

"இல்லை. விளையாடுங்கோ. நான் சரிப்படுத்தினது சரியெண்டு எனக்குத் தெரியோணும்."

அது அன்பு இல்லை. திமிர்தான். பிழையைக் கண்டுபிடித்தவள் நான். அது உண்மையாகவே போய்விட்டதா என்று பார்க்காமல், பெட்டியை அணைத்து வைத்துவிட்டு எழுதும் சோதனை எனக்குத் தேவையில்லை.

வியாழக்கிழமை பத்து மணி. தொண்டையில் இருந்த கன்றிய தடத்தைச் சால்வையால் மூடினேன். உதட்டை மூட முடியவில்லை. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், கமரா வழியாக மேற்பார்வை செய்த பெண் திரையின் மூலையில் ஆங்கிலத்தில் எழுதினார்: உங்கள் வாயில் காயம் இருக்கிறது. வீட்டில் ஏதும் பிரச்சினையா? தொடர முடியுமா?

ஓம் என்றும் எழுதலாம், இல்லை என்றும் எழுதலாம். இரண்டும் பாதி பொய்யாக இருந்திருக்கும். அடுத்த அறையில் அண்ணா ஹிந்தியில் யாருடைய தாயையோ இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தார். இரண்டு கருவிகளுக்கு ஒரே முகவரி இருந்தது, மாற்றிவிட்டேன், தொடர முடியும் என்று எழுதினேன். அவருக்கு என்ன விளங்கியதோ தெரியாது. தொடருங்கள் என்று பதில் வந்தது.

பன்னிரண்டாவது நிமிடம் கடந்தது. இருபது கடந்தது. ஒவ்வொரு கேள்விக்கும் இடையில் என் கண் தொடர்பைக் காட்டும் மூலைக்கே போய் வந்தது. அரை மணிக்குப் பிறகு அதைப் பார்க்க மறந்துவிட்டேன்.

வேலை கிடைத்தது. கடிதம் அடுத்த கிழமை வந்தது. நிலத்தின் வெடிப்பை அண்ணா சீமெந்து குழைத்துப் பூசினார், சுவர்ப் பள்ளத்தைப் பூச வேண்டாம் என்று நான் சொன்னேன்.

அந்த வியாழன் ஒரு மணிக்குச் சோதனையை முடித்துவிட்டு இரவல் கதிரையில் சாய்ந்தபோது அண்ணா வாசல் நிலையில் வந்து நின்றார். மூன்று விரலில் ரிமோட் தொங்கியது. திரையில் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார்.

"எத்தினை?" என்றார்.

எத்தனை தடவை அறுந்தது என்று கேட்கிறார். அது எனக்கு விளங்குவதற்கு முன்பே என் கை கன்னத்தை மூடிக்கொண்டது. அவர் அதைக் கண்டார். ரிமோட்டைக் கதவடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பூச்சியம்," என்றேன். "ஒருக்காலும் அறுபடேல்லை, அண்ணா."